சனிக்கிழமை ஊதா

தமிழ்வாணி வடிவமைத்த மோதிரங்களையும் தொங்கட்டான்களையும் மதுரையில் எத்தனையோ பெண்கள் போட்டிருக்கிறார்கள். அவர்களில் ஒருவரைக்கூட அவளுக்குப் பிடிக்காது.

நேரில் அதைக் காட்டிக்கொள்ள மாட்டாள். உட்காரவைத்து, காபி கொடுத்து, கண்ணாடியைப் பிடித்துக் காட்டி, வாசல்வரை வந்து வழியனுப்புவாள். அவர்கள் படி இறங்கியதும் மாடி ஜன்னலுக்கு ஓடுவாள். "பாருடி, ஸ்கூட்டியை எடுக்கறப்ப ஹேண்டில்ல கல்லை இடிக்குது அந்தம்மா. அம்புட்டு நல்ல பச்சை. அதுக்குப் போயி இந்தக் கையா வாய்க்கணும்?" என்பாள். எனக்குச் சிரிப்பு வரும். அவளுக்கு வராது. தான் ஆசைப்பட்டவனை இன்னொருத்தி வண்டியில் ஏற்றிக்கொண்டு போவதைப் பார்ப்பவள்போல, வண்டி தெரு முனையில் திரும்பும்வரை நிற்பாள்.

நானும் அவளும் பசுமலையில் ஒரே பள்ளியில் படித்தவர்கள். நான் கே.கே. நகரிலிருந்து வேனில் போய் வந்தேன். அவள் விடுதியில் இருந்தாள். சொந்த ஊர் உசிலம்பட்டிக்கு மேற்கே ஒரு மானாவாரிக் கிராமம். அவளுடைய அப்பா பேச்சிமுத்துவும் அம்மா ராமக்காளும் அப்போது பிறர் நிலத்தில் கூலி வேலை செய்துகொண்டிருந்தார்கள். மழைக்கு முன்னால் புஞ்சையில் கல் பொறுக்கி வரப்போரம் குவிப்பது அவர்களுக்கு வருடாவருடம் இருக்கும் வேலை. பிற்பாடு சொந்தமாக நிலம் வாங்கினார்கள், அதிலும் கல் பொறுக்கினார்கள். மகள் கற்களுக்காகவே படிக்கப் போகிறாள் என்று தெரிந்தபோது ராமக்காள் சொன்னது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது: "கல்லை எடுத்து வீசி வீசியே என் இடுப்பு போச்சு. நீ அதைத் தேடிப் போறேங்கிற."

ஏழாம் வகுப்பில் என் விரலில் ஒரு சின்ன மாணிக்க மோதிரம் இருந்தது. பிறந்தநாளுக்கு வீட்டில் போட்டது. ஒருநாள் கணக்கு வகுப்பு ஆரம்பிக்கும்போது தமிழ்வாணி அதைக் கேட்டாள். பெல் அடித்ததும் தந்துவிடுகிறேன் என்றாள். கொடுத்தேன். வகுப்பு முழுக்க இடது கையை ஜன்னல் வெயிலில் வைத்துக்கொண்டு, வலது கையால் கணக்கு போட்டாள். விடை எல்லாம் தப்பு. பெல் அடித்ததும் சொன்ன மாதிரியே கழற்றிக் கொடுத்தாள். கொடுக்கும்போது, "உனக்கு எதுக்குடி இது? நீ ஒரு தடவைகூட இதைப் பார்த்து நான் பார்த்ததில்லை," என்றாள். குரலில் கெஞ்சல் இல்லை, கோபம்தான் இருந்தது.

அது உண்மைதான். அந்த மோதிரம் பிறகு என்ன ஆனது என்றே எனக்குத் தெரியாது. எனக்கு எதையும் அப்படிப் பார்க்க வரவில்லை. கல்லூரி முடிந்ததும் கிளம்பினேன். வியட்நாமில் குழந்தைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தேன். ஜார்ஜியாவில் ஒரு மலைக் கிராமத்து விடுதியில் வரவேற்பில் உட்கார்ந்தேன். போர்ச்சுகலில் கடலோரம் மீன் கடையில் பில் போட்டேன். எங்கே போனாலும் சில மாதங்களில் அடுத்த ஊர் கண்ணில் ஆடும். திரும்பி வந்தபோது என் பெட்டியைவிட நான்தான் களைத்திருந்தேன். தமிழ்வாணி அதே கே.கே. நகரில், எங்கள் தெருவுக்குப் பின்தெருவில், வீட்டு மாடியில் பட்டறை மேசை போட்டு, ஏழாம் வகுப்பில் ஆசைப்பட்டதையே இன்னும் ஆசைப்பட்டுக்கொண்டிருந்தாள். அதைப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. தினமும் போய்ப் பார்த்தேன்.

மதுரையில் நகை என்றால் தங்கம். கல் என்றால் ராசிக்கல். சிவப்பாக இருந்தால் சூரியனுக்கு, பச்சையாக இருந்தால் புதனுக்கு. கிரகம் இல்லாத நிறத்தை யாரும் சீண்ட மாட்டார்கள். மாந்தளிர் நிறத்தில் ஒரு டூர்மலினையும், மழைக்கு முந்தைய வானம்போல ஒரு ஸ்பைனலையும் வைத்துக்கொண்டு, இது எந்தச் சாமிக்கு என்று கேட்பவர்களிடம் தமிழ்வாணி பல வருடங்கள் மல்லுக்கட்டினாள். மெல்ல மெல்ல ஆட்கள் வந்தார்கள். மருத்துவர்கள், கல்லூரிப் பேராசிரியைகள், கல்யாணத்துக்கு வித்தியாசமாக ஏதாவது வேண்டும் என்கிற மணப்பெண்கள். வந்து வாங்கிப் போனார்கள். அவள் ஜன்னலில் நின்றாள்.

அவளிடம் ஒரு பழக்கம் உண்டு. வேலைக்கு வரும் எந்தக் கல்லும் முதல் ஒரு நாள் அவளுடையது. தேன்மெழுகு வைத்த ஒரு வெள்ளி வளையத்தின்மேல் கல்லை அழுத்தி, விரலில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவாள். மாட்டுத்தாவணி காய்கறிச் சந்தைக்குப் போவாள். டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காருவாள். தெப்பக்குளத்துத் தண்ணீர்ப் பக்கம் கையை நீட்டுவாள். ஜவுளிக் கடையின் வெள்ளை வெளிச்சம், டீக்கடையின் மஞ்சள் வெளிச்சம், கோயில் பிரகாரத்து அரையிருட்டு. கல் எந்த வெளிச்சத்தில் என்ன நிறம் காட்டுகிறது என்று தெரிந்தால்தான் அதைத் தங்கத்தில் வைப்பதா வெள்ளியில் வைப்பதா, மேலே தூக்கி வைப்பதா அமுக்கி வைப்பதா என்று முடிவு செய்ய முடியும் என்பாள். அது உண்மையான காரணம்தான். ஆனால் அந்த ஒரு நாள் அவள் நடையே வேறு மாதிரி இருக்கும்.

அவள் கணவர் சூர்யபிரகாஷ் மின்வாரியத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறார். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், "இன்னைக்கு யாரு மோதிரம்?" என்றுதான் கேட்பார். கேட்கும்போது சிரிப்பார். ஒருநாள் அவள் குளித்துவிட்டு வந்து தலைகூடத் துவட்டாமல் ஒரு புஷ்பராகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பின்னால் நின்று, "பொண்ணு பாக்க வந்தப்பகூட என்னை இப்படிப் பாக்கலையே வாணி," என்றார். அப்போது சிரிக்கவில்லை.

இத்தனைக்கும் அவளுக்கென்று ஒரு கல் மோதிரம் கிடையாது. மெழுகு வளையத்தைக் கழற்றினால் விரல் வெறும் விரல். ஏன் என்று கேட்டதற்கு, ஒன்றைப் போட்டுக்கொண்டால் மற்றதை எல்லாம் கட்டாயம் கொடுத்துத்தானே ஆக வேண்டும், எதுவும் இல்லாமல் இருந்தால் எல்லாம் கொஞ்ச நாள் நம்முடையது மாதிரி இருக்கும் என்றாள்.

அந்தக் கல் வந்தது இந்த வருடம் தை மாதம். கீழக்கரையிலிருந்து ஒரு வியாபாரி மாதாமாதம் மடித்த வெள்ளைத் தாள் பொட்டலங்களோடு வருவார். இலங்கைக் கற்கள். ஒரு பொட்டலத்தைப் பிரித்து, "தங்கச்சி, இது சாதாரண நீலம்தான். ஆனா என்னமோ உங்களுக்குக் காட்டணும்னு தோணுச்சு," என்றார். புளியங்கொட்டையைவிடச் சின்னது. பகலில் நல்ல நீலம், அவ்வளவுதான். தமிழ்வாணி வழக்கம்போல மெழுகில் வைத்துக்கொண்டு ஊர் சுற்றினாள். சாயங்காலம் கோயிலில் ஒரு நெய்விளக்கின் முன்னால் கைகூப்பியபோது, விரலில் வேறு கல் இருந்தது. நாவல்பழத்தைப் பிட்டால் உள்ளே இருக்குமே, அந்த ஊதா. வெளியே வந்தாள், நீலம். மறுபடி உள்ளே போனாள், ஊதா. அன்று அவள் சாமியை எத்தனை முறை கும்பிட்டாள் என்று அர்ச்சகர் வியந்திருப்பார்.

மின்சார விளக்கில் அந்த ஊதா வராது. எரிகிற சுடர் வேண்டும். அதனால் சூர்யபிரகாஷுக்கே தெரியாது. என்னிடம் மட்டும் சொன்னாள். "இதை யாருக்கும் கொடுக்கப்போறதில்லடி. இது எனக்கு." சொல்லிவிட்டுக் கையைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள், நானே பிடுங்கிவிடுவேன் என்பதுபோல. ஒரு நாள் கணக்கு அந்தக் கல்லுக்கு மட்டும் வாரக்கணக்கானது.

என் அத்தை ஜகதாம்பாளை அங்கே கூட்டிக்கொண்டு போனது நான்தான். அப்பாவின் அக்கா, ஓய்வுபெற்ற ஆசிரியை, எங்கள் பக்கத்து வீடு. அவர் மகன் கிரிதருக்கு ஏழரைச் சனி. பெங்களூரில் வேலை போய், ஊருக்கு வந்து, தூக்கம் வராமல் கூடத்தில் நடந்துகொண்டிருந்தான். நீலம் போடச் சொல்லி ஜோசியர் சொல்லியிருந்தார். தமிழ்வாணி தட்டில் இருந்த நீலங்களை எல்லாம் எடுத்து வைத்தாள். அத்தைக்கு ஒன்றும் பிடிக்கவில்லை. ஒன்று கறுப்பு, ஒன்று வெளிறல், ஒன்றில் ஏதோ கோடு. கடைசியில் தட்டை விட்டுவிட்டுத் தமிழ்வாணியின் விரலைப் பார்த்தார்.

"ஏண்டிம்மா, உன் கையில ஒண்ணு இருக்கே. அது என்ன?"

"அது வந்து மாமி…" என்று தமிழ்வாணி ஆரம்பிப்பதற்குள், காபித் தட்டோடு படியேறி வந்த சூர்யபிரகாஷ் சொன்னார். "அதுவும் விக்கத்தான் மாமி வச்சிருக்கா. வாரக்கணக்கா அதையே சுமந்துக்கிட்டுத் திரியுறா. எடுத்துட்டுப் போங்க, கைக்காவது ஓய்வு கிடைக்கும்."

அவர் காபியை ஒவ்வொருவருக்காக, நிதானமாகக் கொடுத்தார். தமிழ்வாணி பார்த்த பார்வையை அவர் பார்க்காத மாதிரி இருந்தார். வாரக்கணக்காகக் காத்திருந்த மனிதர் என்று எனக்குத் தோன்றியது.

நீலத்தை எங்கள் ஊரில் யாரும் உடனே வாங்கிப் போட்டுக்கொள்ள மாட்டார்கள். மற்றக் கற்கள் ஒத்துக்கொள்ளாவிட்டால் சும்மா இருக்குமாம், நீலம் ஆளைக் கவிழ்த்துவிடுமாம். அதனால் நீலத் துணியில் முடிந்து, போடப்போகிறவரின் தலையணைக்கு அடியில் சில நாள் வைத்துப் பார்ப்பார்கள். கெட்ட கனவு வந்தாலோ, விழுந்து அடிபட்டாலோ, கல்லைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். விற்றவர் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கக்கூடாது. ஒன்றும் ஆகவில்லையென்றால் கல் அவர்களுடையது. அதற்குப் பிறகு விற்றவர் தரமாட்டேன் என்று சொல்லக்கூடாது. அத்தை வரும் சனிக்கிழமைவரை தவணை சொன்னார். அன்று சனீஸ்வரனுக்கு நல்லெண்ணெய் விளக்கேற்றி, அதன் முன்னால் முடிச்சை அவிழ்த்து, விரல் அளவு கொடுப்பதாக ஏற்பாடு.

தமிழ்வாணி மெழுகிலிருந்து கல்லை நகத்தால் பெயர்த்தாள். நேரம் எடுத்தது. மெழுகு அவ்வளவு கெட்டி இல்லை.

அன்றிலிருந்து எனக்கு போன் வரத் தொடங்கியது. கிரிதர் என்ன செய்கிறான், சரியாகச் சாப்பிட்டானா, முகம் எப்படி இருக்கிறது. ஏதோ அக்கறையாக விசாரிப்பதுபோல ஆரம்பித்து, பிறகு விஷயத்துக்கு வருவாள்.

"ஏதாச்சும் ஆச்சா?"

"ஒண்ணும் ஆகலையே."

"பெருசா ஒண்ணும் வேண்டாம்டி. பாவம், நல்ல மனுசன். வண்டி பஞ்சர் ஆனாக்கூடப் போதும்."

அடுத்த நாளே வண்டி பஞ்சரானது. மாட்டுத்தாவணிப் பக்கம், வெயிலில், கிரிதர் வெகுதூரம் தள்ளிக்கொண்டு வந்தான். நான் சொன்னதும் போனில் அவள் மூச்சு நின்றது எனக்குக் கேட்டது. ஆனால் அத்தை பால் பாயசம் வைத்துவிட்டார். "பெரிசா வர வேண்டியது, பார், பஞ்சரோட போயிடுத்து," என்று தெருவில் எல்லோருக்கும் சொன்னார். பிறகு ஒரு குழாய் உடைந்தது. அதுவும் நல்ல சகுனமாயிற்று. மேலே தொட்டியே இடிந்து விழுந்திருக்க வேண்டியது என்றார்.

இடைப்பட்ட நாட்களில் தமிழ்வாணி சரியாக வேலை செய்யவில்லை. அந்தக் கல்லின்மேல் ஒரு எண்ணெய்த் தலை படுத்திருக்கிறது என்றாள். துணியில் முடிந்து வைத்தால் அது என்ன, உப்பா என்றாள். சூர்யபிரகாஷிடம் தேவைக்கு மட்டும் பேசினாள். அவர் மல்லிகைப்பூ வாங்கி வந்தார். வைத்துக்கொண்டாள், நன்றி சொல்லவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் அத்தை வீட்டுக்கு அவளைக் கூட்டிப் போக நான் போனபோது, விரல் அளவு வளையங்களைப் பையில் போட்டுக்கொண்டிருந்தாள். முகம் தெளிந்திருந்தது. படி இறங்கும்போது சொன்னாள். "விளக்கு முன்னாடி முடிச்சை அவுப்பாங்க. கல்லு ஊதாவாயிரும். உங்க அத்தை பயந்துரும். நான் உள்ளதைச் சொல்லுவேன், இது நிறம் மாறுற கல்லு, ஜோசியரு சொன்ன நீலம் இது இல்லன்னு. பொய்யில்லையே, சத்தியமான வார்த்தை. கல்லு எனக்கு வந்துரும்."

முதலிலேயே ஏன் சொல்லவில்லை என்று நான் கேட்கவில்லை. எனக்கும் அந்தக் காட்சியைப் பார்க்க வேண்டியிருந்தது.

அத்தை வீட்டுக் கூடத்தில், வாசலைப் பார்த்த சுவர் மாடத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கிரிதர் கதவுப் பக்கம் நின்றான். அத்தை கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துவிட்டு முடிச்சை அவிழ்த்தார். கல் உள்ளங்கையில் உருண்டது. நீலம் இல்லை. அத்தை கையை உதறாத குறை.

"என்னடி இது? இப்படிச் செவந்து கிடக்கு?"

தமிழ்வாணி தயாராக இருந்தாள். பதறாமல், மரியாதையாக, ஒவ்வொன்றாகச் சொன்னாள். கையை நீட்டிக்கொண்டே சொன்னாள். அத்தையும் கல்லை அவள் கையில் போடத்தான் போனார். அப்போது கிரிதர், "எனக்குத் தெரியும்மா," என்றான்.

முதல் நாளே கரண்ட் போய் மெழுகுவத்தி ஏற்றியபோது எடுத்துப் பார்த்தானாம். அதிலிருந்து தினமும் பொழுது சாயும் நேரம் முடிச்சை அவிழ்த்து வாசலுக்குக் கொண்டுபோய் நீலமாகப் பார்ப்பானாம், உள்ளே வந்து விளக்கில் ஊதாவாகப் பார்ப்பானாம். மறுநாள் சாயங்காலம் எப்போது வரும் என்று எண்ணிக்கொண்டே படுப்பதில் தூக்கம் வந்துவிடுகிறது என்றான். பிறகு தமிழ்வாணியைப் பார்த்து, வேலை போன பிறகு முதல்முறையாக அவனிடம் நான் கண்ட ஒரு துடிப்போடு கேட்டான்.

"நடுவுல ஒரு நிறம் வருமே, அதைப் பாத்திருக்கேளா?"

தமிழ்வாணியின் நீட்டிய கை அப்படியே நின்றது. அவள் பார்த்ததில்லை.

"எங்க?" என்றாள்.

அவன் அம்மாவின் கையிலிருந்து கல்லை எடுத்துக்கொண்டு கதவருகே போனான். வெளியே வெளிச்சம் முழுக்கப் போகவில்லை. ஒரு பக்கம் வானம், ஒரு பக்கம் விளக்கு. அவன் விரல் நுனியில் பிடித்துத் திருப்பினான். ஒரு பட்டையில் நீலம், அடுத்த பட்டையில் ஊதா, இரண்டும் சேருமிடத்தில் மயில் கழுத்தின் அடியில் தெரிவதுபோல ஒன்று, பார்த்ததும் போய்விடுகிற ஒன்று. எனக்கு ஒரு நொடிதான் தெரிந்தது. அவர்கள் இரண்டு பேரும் தலையைக் குனிந்து நின்றார்கள். வெளியே இருட்டும்வரை நின்றார்கள்.

அத்தை பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தே யார் காப்பியடித்தது என்று கண்டுபிடித்தவர். தமிழ்வாணியைச் சற்று நேரம் பார்த்தார்.

"உனக்கே வேணும்னா வாயைத் திறந்து சொல்லேண்டிம்மா. அதுக்கு ஜோசியரை ஏன் இழுக்கறே? கிரி வேற கல் போட்டுப்பான்."

"எனக்கு வேற வேண்டாம்மா," என்றான் கிரிதர். கல் அவன் மூடிய கைக்குள் இருந்தது.

கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். அத்தை கிரிதரிடமிருந்து வாங்கிக் கொடுத்திருப்பார். தமிழ்வாணி அந்த மூடிய கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பையிலிருந்து அளவு வளையங்களை எடுத்தாள்.

"நடு விரலை நீட்டுங்க சார்."

திரும்பி நடந்தோம். அவள் வீட்டு கேட்டில் வந்து நின்று சொன்னாள். "அதைப் பாக்காத ஆளா இருந்தா பிடுங்கிட்டு வந்திருப்பேன். பாக்குற ஆளா இருந்தா எரிச்சல் குறையும்னு நினைச்சேன். இப்பத்தான்டி ரொம்ப எரியுது."

மோதிரம் செய்து கொடுத்தாள். அவள் செய்ததிலேயே நல்ல மோதிரம் அதுதான். மனமில்லாமல்தான் சொல்கிறேன். நாலு பக்கமும் வெளிச்சம் புகும்படி கல்லை உயர்த்தி, மெல்லிய கம்பிக் கால்களால் பிடித்திருந்தாள். கொடுக்கும்போது, இந்தக் கால்கள் தளரக்கூடும், வாராவாரம் ஒருமுறை சரிபார்க்க வேண்டும், நானே வீட்டுக்கு வந்து பார்க்கிறேன் என்றாள். சூர்யபிரகாஷ் அதை என்னிடம் சொல்லிப் புலம்பினார். "அவ வச்ச கல்லு ஒரு தலைமுறைக்கு ஆடாது. யாரை ஏமாத்துறா?" பிறகு, கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டு, அங்கே போய் என்னதான் செய்கிறாள் என்று கேட்டார்.

கல்லைப் பார்க்கிறாள் என்றேன். அது அவருக்கு ஆறுதலாக இல்லை.

சனிக்கிழமைதோறும் விளக்கேற்றும் நேரத்துக்கு வந்துவிடுகிறாள். கிரிதர் இப்போது ஒரு வேலையில் இருக்கிறான், சனிக்கிழமை மட்டும் சீக்கிரம் வருகிறான். மோதிரத்தைக் கழற்றிக் கொடுக்கிறான். அவள் அதன் கால்களை ஊசி முனையால் தொட்டுப் பார்ப்பதாகக் காட்டிக்கொண்டு, கட்டை விரலில் மாட்டிக்கொள்கிறாள். அவளுக்கு அங்கேதான் அது நிற்கும். வாசலுக்கும் விளக்குக்கும் நடுவே போய் நிற்கிறாள். இவன் வெறும் விரலைத் தடவிக்கொண்டு, தன் மோதிரம் இன்னொரு கையில் இருப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். நான் ஏழாம் வகுப்பில் தமிழ்வாணியிடம் கண்ட கோபம் அந்த முகத்தில் இருக்கிறது.

எனக்கு லிஸ்பனிலிருந்து வேலைக்கு அழைப்பு வந்திருக்கிறது. பதில் எழுதவில்லை. சனிக்கிழமைகளில் நானும் அங்கே உட்கார்ந்திருக்கிறேன், அத்தை கொடுத்த காபி கையில் ஆறிக்கொண்டிருக்கும். இருவரில் ஒருவரும் என் பக்கம் திரும்ப மாட்டார்கள்.

"போதும், கொடுங்கோ," என்றான் போன வாரம் கிரிதர்.

"நடு நிறம் இன்னும் வரல," என்றாள் தமிழ்வாணி, கையை எடுக்காமல்.